அட்டை எரித்த சனிக்கிழமை

அந்தக் கண்காட்சிக்குள் காலடி வைத்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் காரணம், குளிர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகை அது. ஏதோ ஒரு கம்பெனி நொடித்துப்போய்ப் பூட்டிவிட்டுப் போன இடம். அதற்கு வெள்ளையடித்து, தரையைப் பளபளவென்று தேய்த்து, ஆள் உயர ஏசி மெஷின்களை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். துணிகளின் நிறம் மங்கிவிடக் கூடாதாம். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் குடோன். அங்கே பன்னிரண்டு பெண்களுக்கு இரண்டு ஃபேன், அதில் ஒன்று ஓடாது. இங்கே தொங்கிய துணியெல்லாம் அங்கே எங்கள் காலடியில் கிடந்த துணிதான். துணிக்கு வேர்க்கக் கூடாது என்று இத்தனை கவலைப்படுகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு கூட்டம் வந்திருந்தது. லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வழி தவறி எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் போய், லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்த கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வரிசையில் நாள் தவறாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் யாரும் அதைச் சிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்படி ஏசி மேலும் கார் மேலும் எரிந்து விழுந்ததெல்லாம் உள்ளே இருந்த பயத்தை மூடத்தான் என்று எனக்கே தெரியும். என்னோடு அண்ணி வந்திருந்தாள். அந்தக் கொட்டகையின் சுவர்களில் எங்கேயோ உள்ளங்கை அளவுக்கு ஒரு துணி இருந்தது. அதை அண்ணி பார்த்துவிடக் கூடாது.

நான் வேலை பார்ப்பது பனியன் வேஸ்ட் குடோனில். பழைய துணி வாங்கி, நிறம் பிரித்து, மெஷின் துடைக்கிற கந்தலாகக் கிழித்து விற்கிற இடம். வெள்ளைத் துணி பெயின்ட் கம்பெனிகளுக்குப் போகும், சாயம் ஒட்டாது என்பதால். கறுப்பு, நீலம், பச்சையெல்லாம் லாரிப் பட்டறைக்கும் இரும்பு மில்லுக்கும். ஒரு லோடு வள்ளூர் பக்கம் அனல் மின் நிலையத்துக்குப் போகும். பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து பிரிப்பார்கள். ஒவ்வொருத்தி கையிலும் அரை பிளேடு, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. பொத்தான், ஜிப், எலாஸ்டிக் எல்லாவற்றையும் அதனால்தான் அறுப்பார்கள். நான் அவர்களுக்கு சூப்பர்வைசர். பிளஸ் டூ படித்ததால் எனக்கு நாற்காலி. அண்ணி எட்டாவது வரைக்கும், அதனால் சாக்கு.

பேட்டையில் உள்ள கம்பெனிகளின் பழைய யூனிஃபார்ம் மூட்டை மூட்டையாக எங்களுக்கு வரும். அதில் மட்டும் ஒரு கண்டிப்பு உண்டு. கம்பெனி பெயர் தைத்திருக்கிற சட்டைப் பாக்கெட்டை, ஜோபி என்றுதான் நாங்கள் சொல்வோம், முதலில் அறுத்துத் தனியாகப் போட்டுவிட வேண்டும். அந்தச் சட்டையை எவனாவது மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்துவிடுவான் என்று கம்பெனிக்காரர்களுக்குப் பயம். ஒரு வாரம் அறுத்த பாக்கெட்டுகளையெல்லாம் ஒரு மூட்டையில் கட்டி, சனிக்கிழமை நாலு மணிக்கு ஷெட்டுக்குப் பின்னால் போட்டு எரித்துவிடுவோம். தீக்குச்சி கிழிப்பது என் வேலை.

போன வருஷம் அந்த டிசைனர் அம்மா எங்கள் குடோனுக்கு வந்தார். பெரிய பெரிய புடவைக் கடைகளுக்கு நிறம் சொல்லிக் கொடுக்கிறவர் என்று முதலாளி சொன்னார். ஒரு காதில் சிவப்புக் கம்மல், ஒரு காதில் பச்சைக் கம்மல். நான் கோபக்காரிதான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. பெண்களோடு சாக்கில் உட்கார்ந்தார், தூசியில் தும்மினார், எங்கள் டீயைக் குடித்தார். கலர் கந்தலை முதலாளியிடம் முறையாக விலை பேசி வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் முறை வந்தபோது, நான் இரண்டு பச்சைத் துணிகளைக் கையில் வைத்து எது எந்தக் குவியலுக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "உங்களுக்கு கலர் பார்க்கிற கண் இருக்குங்க. இது சொல்லிக்கொடுத்து வராது."

அதோடு நான் அவுட். முப்பத்தெட்டு வயசு வரைக்கும் எனக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அதன் பிறகு அவர் பாக்கெட் மூட்டையைப் பார்த்துக் கண் விரிந்து, அதைத் தர முடியுமா என்று கேட்டபோது, நான் முடியாது என்று சொல்லவில்லை. கம்பெனி பெயர் வெளியே தெரியாதபடி உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுத் தைப்பேன் என்றார். முதலாளிக்குத் தெரியக் கூடாது, பெண்களுக்கும் தெரியக் கூடாது என்றேன் நான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மூட்டை அவர் கார் டிக்கியில் ஏறும். சனிக்கிழமை அட்டைப் பெட்டியையும் அறுத்த எலாஸ்டிக்கையும் இன்னொரு மூட்டையில் அடைத்து நான் தீக்குச்சி கிழிப்பேன். புகை எல்லாம் ஒரே மாதிரிதானே வருகிறது. இப்படி ஆறு வாரம். கைநீட்டிக் காசு வாங்கியிருந்தால் கூட, ஆசைப்பட்டுவிட்டேன் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். நான் ஒரு புகழ்ச்சிக்கு விழுந்தவள்.

அந்த ஆறு வாரத்துக்கு முன்னால்தான் அண்ணன் போனான். இரும்பு ரோலிங் மில்லில் வேலை. காலை ஷிஃப்டில் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனவன், வரிசையில் நின்றபடியே சரிந்தான். மாரடைப்பு. பத்தாம் நாள் மில்லிலிருந்து ஆள் வந்து ஹெல்மெட், ஷூ, அடையாள அட்டை மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். யூனிஃபார்மைக் கேட்கவில்லை. ஒரு செட் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. இன்னொரு நீலச் சட்டை ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது.

அண்ணனுக்குக் குழந்தை இல்லை. பங்காளி ஒருவன் கொள்ளி வைத்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம், தெருமுனையோடு நிறுத்திவிடுவார்கள். அண்ணி அதைத் தாண்டி நாலடி நடந்துவிட்டாள். பெரியப்பா குறுக்கே கையை நீட்டினார். "இன்னாம்மா இது, நில்லு" என்று ஒரே வார்த்தைதான். இருபத்தெட்டு வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு கட்டி அனுப்பினவள், வயல் பக்கம் புகை எழும்பியதைத் தெருமுனையிலிருந்து பார்த்தாள். எனக்குப் பெரியப்பாவின் கையைக் கடிக்க வேண்டும் போல இருந்தது. கடிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தது நான்தான்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி வேலைக்கு வந்துவிட்டாள். அந்த வாரம் சனிக்கிழமை நான் ஷெட்டுக்குப் பின்னால் நெருப்பு வைத்தபோது அவள் வந்து நின்றாள். மற்ற பெண்கள் ரயிலுக்கு ஓடிவிட்டார்கள். இவள் சாம்பலாகும் வரைக்கும் அசையவில்லை. ஒரு தடவை கும்பிட்டதையும் பார்த்தேன். பாவம், எந்த நெருப்பைப் பார்த்தாலும் நினைப்பு வருகிறது போல என்று எண்ணிக்கொண்டேன்.

சூலூர்பேட்டை மெமு ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு அவளே சொன்னாள்.

"பாப்பா, உங்கண்ணன அனுப்பி வெச்சிட்டேன்." நான் பத்து வயசாக இருக்கும்போது கல்யாணமாகி வந்தவள், இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா அண்ணி சொல்ற?"

"ஆணில கெடந்த சட்டைய எடுத்தாந்து குவியல்ல போட்டுட்டேன். அது கந்தலாப் போவட்டும், மில்லுல எவனாவது கை தொடச்சிக்குவான். இவரும் அதுலதானே தொடச்சிக்கினு இருந்தாரு. ஜோபிய மட்டும் செவ்வாக்கெழம அறுத்து மூட்டையில போட்டேன். நெருப்புக்குப் போற மூட்டையாச்சே. அன்னிக்கி என்னப் பாக்க வுடல. இன்னிக்கி நின்னு பாத்துக்கினேன்."

அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. மூட்டை முந்தின நாளே சென்னைக்குப் போய்விட்டது. ரயில் எளாவூரில் நின்றது, சொல்லியிருக்கலாம். ஆரம்பாக்கத்தில் இறங்கி வரப்போடு நடந்தோம், அப்போதும் சொல்லியிருக்கலாம். மறுநாள் டிசைனர் அம்மாவுக்கு போன் போட்டு அந்த ஒரு பாக்கெட்டைத் தேடித் தர முடியுமா என்று கேட்டேன், ஏன் என்று சொல்லாமல். எல்லாம் மொத்தமாகத் துவைக்கப் போய்விட்டது, ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எப்படித் தேடுவது என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆயிரத்தில் ஒன்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அழைப்பு வந்தது, எங்கள் எல்லோருக்கும். முதலாளி அரை நாள் லீவு விட்டார். பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம், பட்டுப் புடவை எடுக்கலாமா என்று பேச்சு. நான் அண்ணியை மட்டும் தடுக்கப் பார்த்தேன். ஏசி ஒத்துக்காது என்றேன், நிற்க வேண்டியிருக்கும், முழங்கால் வலிக்கும் என்றேன், நமக்கு அங்கே ஒன்றும் புரியாது என்றும் சொன்னேன்.

"நான் பிரிச்ச கலரு செவுத்துல எப்டிக் கீதுன்னு எனக்குப் பாக்க வாணாவா?" என்றாள் அண்ணி.

உள்ளே அழகாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கந்தலை ரிப்பன் ரிப்பனாகக் கிழித்து நெய்து கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், லாரித் தார்ப்பாய் நீலம், கத்தரிப்பூ நிறம். காற்று வந்தபோது அத்தனையும் ஒன்றோடொன்று உரசின. பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள். "அந்த ரோஸு நான் அறுத்தது, அந்த சூடிதார் ஞாபகம் கீது" என்று ஒருத்தி விரலை நீட்டினாள். இரண்டு நிமிஷம் எனக்கும் கர்வமாக இருந்தது.

பிறகு அந்தக் கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. கேட்காமலே படம் எடுத்தார்கள். சின்னச் சின்ன மண் குவளையில் மோர் கொடுத்து, குடிக்கும்போதும் எடுத்தார்கள். சென்னைக்காரப் பெண் ஒருத்தி அண்ணியின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைகள்தானே, இந்தக் கைகள்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி கையை மெல்ல உருவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துணி பிரித்துப் பிரித்து அந்தக் கை அரிப்பெடுத்து வீங்கும்போது பிடித்துக்கொள்ள ஒருத்தியும் வந்ததில்லை.

கடைசிச் சுவருக்கு அண்ணியை விடாமல் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். "இன்னும் டைம் கீது" என்று அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

அந்தச் சுவர் முழுக்கப் பாக்கெட்டுகள், தரையிலிருந்து கூரை வரைக்கும். காக்கி, நீலம், சிமென்ட் நிறம், ஆரஞ்சு, பச்சை, எல்லாம் உள்பக்கம் வெளியே தெரிய வரிசை வரிசையாகத் தைத்து ஒரே துணியாக்கியிருந்தார். பேனா மை கசிந்தது, வெற்றிலைச் சாறு ஊறியது, பீடி ஓட்டை போட்டது என்று ஒவ்வொன்றிலும் ஒரு கறை. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: இதயத்தின் மேல். பாக்கெட் அங்கேதானே இருக்கிறது என்று அர்த்தமாம். மாரடைப்பில் போன ஒருவனின் பாக்கெட்டும் அதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் தலைப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும் போல நகம் துடித்தது.

பெண்கள் சுவரை நெருங்கிப் போனார்கள். "இதெல்லாம் எரிக்கிற ஜோபியாச்சே" என்றாள் ஒருத்தி.

"வேற குடோன்லேருந்து வாங்கியிருப்பாங்க" என்றேன். இந்தப் பொய்யை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர்கள் தலையாட்டினார்கள். அண்ணியும் ஆட்டினாள்.

அதோடு போயிருக்கும். ஆனால் அந்த டிசைனர் அம்மாவுக்கு ஒரு பாக்கெட் ரொம்பப் பிடித்துப் போயிருக்கிறது. அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் அதை வைத்து, அதன் மேல் மட்டும் ஒரு குட்டி விளக்கு போட்டிருந்தார். கீழே ஓர் அட்டையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. அண்ணி தமிழை வாய்விட்டுப் படித்தாள்: "பெயர் தெரியாத ஒரு தொழிலாளி, தன் கிழிந்த பையைத் தானே தைத்துக்கொண்டிருக்கிறான். கையில் கிடைத்தது ஆரஞ்சு நூல். தனிமையின் கையெழுத்து."

நீல பாக்கெட். ஓரத்தில் ஆரஞ்சு நூலில் நெருக்கமாகத் தையல்.

எனக்கு அந்தத் தையல் போட்ட ஞாயிற்றுக்கிழமையே தெரியும். ஸ்கேலைச் சொருகிச் சொருகி அண்ணனின் பாக்கெட் ஓரம் கிழிந்திருந்தது. வீட்டில் நீல நூல் இல்லை. அண்ணி ஜாக்கெட்டுக்கு வாங்கிய ஆரஞ்சு நூலை எடுத்தாள். மில்லில் கிண்டல் பண்ணுவார்கள் என்று அண்ணன் முணுமுணுத்தான். "உள்ள போற நூலு, எவன் வந்து பாக்கப் போறான்" என்று அவள் மூன்று முடிச்சுப் போட்டு, நூலை விரக்கடை நீளம் விட்டு அறுத்தாள். நூலைக் குட்டையாக வெட்டினால் முடிச்சு அவிழும் என்பது அவள் கட்சி. நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தனிமையாம். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தது ஒரே கூச்சல்.

"இது ஆம்பள தச்சதா?" என்றாள் அண்ணி, அட்டையைப் பார்த்து. பிறகு நிமிர்ந்து விளக்கின் கீழே பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. காவலாளி, "மேடம், தொடக் கூடாது" என்றான். அவள் கை தானாக மேலே போயிருந்தது.

"பாப்பா, இது உங்கண்ணன் ஜோபி."

"நீல ஜோபி எல்லாம் ஒரே மாரிதான் அண்ணி இருக்கும். வேற குடோன்…"

"நீலம் ஆயிரம் இருக்கும். நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து டிசைனர் அம்மா சிரித்த முகமாக எங்களிடம் வந்தார். அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும். நான் அவர் மேல் பாய்ந்தேன். "யாரக் கேட்டு இத எடுத்தீங்க? செத்த மனுஷனோட துணி இது. எழுதிட்டீங்களே தனிமைன்னு, உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று கொட்டகை அதிரக் கத்தினேன். போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

அவர் முகம் வெளிறிப் போனது. கோபமாக இல்லை, குழப்பமாகத்தான் கேட்டார்: "நீங்கதானே குடுத்தீங்க? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மூட்டையை என் கார்ல வெச்சதே நீங்கதானே?"

பதினோரு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கி நீ கொளுத்துனியே, அது இன்னா?"

"அட்டப்பொட்டி, அண்ணி. அட்டப்பொட்டியும் எலாஸ்டிக்கும்."

"ரயில்ல சொன்னனே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அட்டப்பொட்டியப் பாத்துக் கும்புட்டுக்கினு நின்னிருக்கேன்" என்றாள் அண்ணி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

யாரோ ஒருத்தி டிசைனர் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னாள். நெருப்பு, தெருமுனை, எல்லாம். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய்யில்லை. அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த அட்டையை மாத்திடறேன். உங்க பேரு, அவர் பேரு, உங்க கதை எல்லாம் போடறேன். இனிமே இதுதான் இந்த மொத்த வேலைக்கும் உயிர்" என்றார். சற்று முன்பு வரை பெயர் தெரியாத ஒருவனின் பாக்கெட். இப்போது அதற்குக் கதையும் கிடைத்துவிட்டது, விடுவாரா?

"அத்த எறக்கும்மா" என்றாள் அண்ணி.

"ஒண்ணை எடுத்தா சுத்தி இருக்கிறதெல்லாம் இழுத்துக்கும். முழுசா ஒரே துணியா தெச்சிருக்கு…"

"பக்கத்து ஜோபிக்கு ஒண்ணும் ஆவாது. எனக்கு இதான் வேல."

அவர் ஏணி கொண்டுவரச் சொன்னார். காவலாளி கத்திரிக்கோல் நீட்டினான், அண்ணி வாங்கவில்லை. இடுப்பிலிருந்து தன் அரை பிளேடை எடுத்துக்கொண்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் சொருகி, முழங்கால் வலியோடு ஏறினாள். குடோனில் ஒரு பாக்கெட்டை மூன்று இழுப்பில் அறுத்துவிடுகிறவள். அன்றைக்கு ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். ஆரஞ்சு நூலில் பிளேடு படவே இல்லை. கீழே இறங்கியபோது சுவரில் ஒரு சதுரம் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்துப் பாக்கெட் எதுவும் அசையக்கூட இல்லை.

வெளியே வரும்போது எனக்குப் பின்னால் டிசைனர் அம்மா தன் சிநேகிதியிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னது காதில் விழுந்தது. அந்த இடத்தை அடைக்க வேண்டாம், வெற்றிடமாகவே இருக்கட்டும், இப்போதுதான் இது முழுமையாகி இருக்கிறது என்றார். எங்களிடமிருந்து எடுத்தால் அது கலை, திருப்பிக் கொடுத்ததால் விழுந்த ஓட்டையும் கலை. இவர்களிடம் எதுவும் வீண் போவதில்லை. திரும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்க நினைத்தேன். எந்த முகத்தோடு கேட்பது?

ரயிலில் அண்ணி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். வீட்டில் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. பதினோரு பெண்களில் ஒருத்தியும் முதலாளியிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வேலை போயிருக்கும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர்கள் வழக்கம்போல அறுத்தார்கள், மூட்டை கட்டினார்கள். ஒரு வித்தியாசம், மூட்டையின் வாயை அவர்களே தைத்து மூடினார்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனேன். அண்ணி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். தலை குளித்திருந்தாள். கையில் அந்த பாக்கெட், அதற்குள் ஒரு துண்டு கற்பூரம்.

"தீப்பொட்டியக் குடு" என்றாள். ஆறு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "நானும் நிக்கறேன் அண்ணி, எனக்கு அண்ணன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. அன்றைக்குப் பெரியப்பா கையை நீட்டியது போல அவள் கையை நீட்டினாள்.

"நீ ஆபீசுக்குப் போ பாப்பா. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது."

நான் போய் உட்கார்ந்தேன். ஆபீஸ் ரூமுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.